1914இல் இருந்து பின்னோக்கிப் பார்ப்பதன் பிழை

கேள்வி: பிரிட்டனும் ஜெர்மனியும் கடற்படைப் போட்டியில் இறங்கியதால் மூண்ட பகைதான் முதல் உலகப் போருக்கு வழிவகுத்தது என்று பள்ளியில் படித்தோம். இன்றைய வரலாற்றாய்வாளர்களும் அதையே சொல்கிறார்களா?

பதில்: அவ்வளவு நேர்க்கோடாகச் சொல்பவர்கள் இன்று குறைவு. போட்டி இருந்தது உண்மைதான். 1898, 1900 ஆண்டுகளின் கடற்படைச் சட்டங்களைக் கொண்டு ஜெர்மன் கடற்படைத் துறையின் தலைவர் திர்பிட்ஸ் பெரும் போர்க்கப்பல் படையைக் கட்டத் தொடங்கினார். பிரிட்டன் 1906இல் டிரெட்நாட் என்னும் புதுவகைப் பெரும் போர்க்கப்பலைக் கடலில் இறக்கியது. ஆனால் 1912, 1913 ஆண்டுகளில் ஜெர்மனி தரைப்படைக்கே முன்னுரிமை தந்தது என்பதையும், கடலில் பிரிட்டன் அதற்குள் முந்திவிட்டது என்பதையும் இன்றைய ஆய்வாளர்கள் அழுத்திச் சொல்கிறார்கள். துருக்கியப் பேரரசில் ஜெர்மனி அமைத்துவந்த பாக்தாத் ரயில்பாதை குறித்து இரு அரசுகளும் 1914 ஜூனில் உடன்பாட்டுக்கு வந்திருந்தன. அதே மாதம் 28ஆம் தேதி சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுட்டுக் கொல்லப்பட்டபோது, பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சில ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் விருந்தினராக நின்றிருந்தன. போர் வந்தே தீரும் என்ற முடிவோடு எழுதப்பட்ட வரலாறுகளில் இவற்றுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

போருக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு வேறு. அது இன்னும் முடியவில்லை. ஜெர்மானியத் தலைமையின் நாடு பிடிக்கும் நோக்கங்களை 1961இல் ஜெர்மானிய வரலாற்றாய்வாளர் ஃபிரிட்ஸ் ஃபிஷர் ஆவணங்களோடு முன்வைத்தபோது அந்நாட்டிலேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. 2012இல் வரலாற்றாய்வாளர் கிறிஸ்டோபர் கிளார்க், வியன்னா, பெல்கிரேட், பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், லண்டன் என எல்லாத் தலைநகரங்களின் முடிவுகளையும் ஒருசேர ஆராய வேண்டும் என்றார். ஜெர்மானியப் பேரரசர் (கெய்சர்) இரண்டாம் வில்ஹெல்மின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதிய ஜான் ரோல் அதை ஏற்க மறுத்தார். பார்வையை விரித்த வகையில் கிளார்க் செய்தது பெரும் பணி என்றே கருதுகிறேன். ஆயினும் 1914 ஜூலை 5 அன்று பெர்லின் ஆஸ்திரியாவுக்கு அளித்த நிபந்தனையற்ற ஆதரவின் கனம் அதனால் குறைந்துவிடவில்லை.

இரு நாட்டு உறவின் சிக்கலை அறிய ஹெலிகோலாண்ட் தீவைப் பற்றி வரலாற்றாய்வாளர் யான் ரூகர் செய்த ஆய்வு மிகவும் உதவும். வடகடலில் உள்ள இச்சிறு தீவை 1807இல் பிரிட்டன் கைப்பற்றியது. பின்னர் ஜெர்மனியின் தேசிய கீதமாகிய பாடலை ஹோஃப்மன் ஃபான் ஃபாலர்ஸ்லேபன் 1841இல் எழுதியது, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தத் தீவில்தான். 1890இல், கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில் பிரிட்டனின் உரிமையை ஜெர்மனி ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் வழியே ஹெலிகோலாண்ட் ஜெர்மனிக்குக் கைமாறியது. தீவு மக்களை யாரும் கேட்கவில்லை. 1947இல் அங்கிருந்த ராணுவக் கட்டுமானங்களை ஆயிரக்கணக்கான டன் வெடிபொருளால் பிரிட்டன் தகர்த்து, 1952இல் தீவைத் திருப்பிக் கொடுத்தது. இணக்கமும் பேரமும் பகையும் மாறிமாறி வந்த இந்த வரலாற்றைப் பகை என்ற ஒரே தலைப்பில் எப்படி அடக்குவது?

கேள்வி: ஜெர்மனி ஜனநாயகப் பாதையிலிருந்து விலகியதால்தான் ஹிட்லர் வந்தார், பிரிட்டன் இயல்பான பாதையில் சென்றது என்பது சரியா?

பதில்: ஜெர்மானிய வரலாற்றாய்வாளர் ஹன்ஸ்-உல்ரிஷ் வேலர் முதலியோர் 1970களில் வலுவாக முன்வைத்த கருத்து இது. டேவிட் பிளாக்போர்ன், ஜெஃப் இலி என்னும் இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1980இல் இதை மறுத்தார்கள்: அளவுகோலாக வைக்கப்பட்ட அந்தப் பிரிட்டன் உண்மையில் இருந்ததா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. ஜெர்மனியில் 1871 முதலே 25 வயது நிரம்பிய ஆண்கள் அனைவரும் ரைக்ஸ்டாக் என்னும் நாடாளுமன்றத்தின் தேர்தலில் வாக்களிக்கலாம் என்றிருக்க, பிரிட்டனிலோ 1918 வரை வயதுவந்த ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவருக்கு வாக்கே கிடையாது. எனவே ஹிட்லரின் எழுச்சிக்கான காரணங்களை உலகப் போர், தோல்வி, பணவீக்கம், 1929க்குப் பிந்தைய பொருளாதார வீழ்ச்சி ஆகியவற்றில் தேடுவோர் இப்போது மிகுந்துள்ளனர். எனினும் வேலரின் தரப்பை முற்றாகத் தள்ளிவிட முடியாது. பிரிட்டனின் அமைச்சரவை நாடாளுமன்றத்தின் ஆதரவு இல்லாமல் நீடிக்க இயலாது. ஜெர்மனியின் ரைக்ஸ்டாக்கோ, 1918 அக்டோபர் வரை, பேரரசர் நியமித்த அரசுத் தலைவரான சான்சலரைப் பதவி நீக்கும் அதிகாரம் அற்றிருந்தது.