வாசகர் கேட்கிறார்கள்: பங்கு கொடுத்துக் காசு திரட்டலாமா?

கேள்வி: மூன்று நண்பர்கள் சேர்ந்து, கைத்தறிச் சேலைகளை இணையத்தில் விற்பதற்கு ஒரு பிரைவேட் கம்பனி பதிந்திருக்கிறோம். புதிய தறிகளுக்கு 20 இலட்சம் ரூபாய் வேண்டும். முகநூலில் அறிவித்து, ஆளுக்கு 25,000 ரூபாய் வீதம் 80 பேருக்குப் பங்கு கொடுக்கலாமா? வெளிநாடுகளில் செய்கிறார்களே!
– வாசகர், மருதமுனை

பதில்: இந்த வடிவில் முடியாது. இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பிரைவேட் கம்பனி தன் பங்குகளைப் பொதுமக்களிடம் விற்க முன்வரக் கூடாது. பங்குதாரர்களும் 50 பேருக்கு மேல் போகக் கூடாது. கம்பனியில் வேலை செய்பவர்கள் மட்டும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். ஆகவே 80 பேரை 40 ஆகக் குறைத்தாலும், முகநூல் அறிவித்தல் தடையாகவே நிற்கும். பத்துப் பேரின் காசை ஒருவர் பெயரில் போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பங்குப் பதிவேட்டில் பெயர் உள்ளவரைத்தான் கம்பனி பங்குதாரராகப் பார்க்கும். அவர் இறந்தாலோ மனம் மாறினாலோ மற்ற ஒன்பது பேரும் நடுத்தெருவில்.

வெளிநாட்டில் நடப்பதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் 2012இல் சட்டம் இயற்றி, 2016 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு விட்டார்கள். இப்போது ஒரு கம்பனி 12 மாதத்தில் 50 இலட்சம் டொலர் வரை திரட்டலாம். பதிவு பெற்ற இணையத்தளம் ஊடாக மட்டுமே விற்க வேண்டும். இலக்குத் தொகை சேராவிட்டால் எல்லோருக்கும் காசு திரும்பிப் போகும். முடிவுத் திகதிக்கு 48 மணித்தியாலம் முன்பு வரை, காசு போட்டவர் மனம் மாறி விலகலாம். மலேசியாவிலும் 2015இலிருந்து அனுமதி பெற்ற தளங்கள் இயங்குகின்றன. இந்தக் காவல்கள் எதுவுமில்லாமல் அறிவித்தலை மட்டும் எடுத்துக்கொள்வது ஆபத்து.

உங்களுக்கு உகந்தது: உங்களை நேரே அறிந்த பத்துப் பதினைந்து பேரிடம் தனித்தனியாகப் பேசிப் பங்கு கொடுங்கள். பொதுமக்களின் ஆதரவு வேண்டுமென்றால் பங்கை விடுத்துச் சேலையை முன்பதிவுக்கு விற்கலாம். அது சாதாரண வியாபாரம். ஆனால் அந்தக் காசைத் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். நூல் விலை ஏறுவதையும் தறி வந்து சேரத் தாமதமாவதையும் கணக்கிட்டே திகதி கொடுங்கள். முன்பதிவுக் காசு முழுவதையும் தறிக்குக் கொடுத்துவிட்டு, நூல் வாங்க வழியில்லாமல் நிற்பதுதான் இதில் வழமையாக நடக்கும் பிழை.

கேள்வி: எங்கள் தயிர்ப் பொதியிடும் கம்பனியை 80 இலட்சம் என்று மதித்திருக்கிறோம். 20 இலட்சம் போடுபவருக்கு 25 வீதம் கொடுப்பது சரிதானே?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: 20 வீதம்தான். அவர் காசு உள்ளே வந்ததும் கம்பனியின் பெறுமதி 100 இலட்சம் ஆகிவிடுகிறது. வீதத்தை விட்டுப் பங்கு எண்ணிக்கையில் பாருங்கள், குழப்பம் வராது. உங்களிடம் 8,000 பங்குகள் இருந்தால் ஒன்றின் விலை 1,000 ரூபாய். அவருக்கு 2,000 புதிய பங்குகள். மொத்தம் 10,000.

அடுத்த ஆண்டு இன்னொருவருக்கு 1,600 ரூபாய் வீதம் 2,500 பங்கு கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 12,500 ஆகும். முதலாமவரின் 20 வீதம் 16 ஆகக் குறையும். ஆனால் அந்த விலைப்படி அவருடைய 20 இலட்சம் 32 இலட்சமாகியிருக்கும். இதைக் காசு வாங்கும் அன்றே எழுதிக் காட்டுங்கள். காட்டாமல் விட்ட இடங்களில்தான் "என் பங்கைத் திருடிவிட்டார்கள்" என்ற சண்டை வருகிறது. கம்பனியின் அமைப்பு விதிகளில் (கம்பனியை நடத்துவதற்கான அதன் சொந்த விதிகள்) வேறுவிதமாக இல்லாவிட்டால், புதிய பங்குகளை முதலில் பழைய பங்குதாரர்களுக்கே கொடுக்க முன்வர வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பங்கு கொடுக்க முன், அந்த விலை கம்பனிக்கும் பழைய பங்குதாரர்களுக்கும் நியாயமானது என்று பணிப்பாளர் சபை தீர்மானிக்க வேண்டும். கொடுத்து 20 வேலை நாட்களுக்குள் படிவம் 6 கம்பனிப் பதிவாளருக்குப் போக வேண்டும். பதிவேட்டில் பெயர், முகவரி, பங்கு எண்ணிக்கை, திகதி ஏறியிருக்க வேண்டும். "காசு கிடைத்தது, நன்றி அக்கா" என்ற வாட்ஸ்அப் செய்தியும் வங்கிச் சிட்டையும் பங்குச் சான்றிதழ் ஆகாது.

கேள்வி: ஒரு இலட்சம் போட்டால் மாதம் 3,000 ரூபாய் "பங்கு இலாபம்", கேட்ட நேரத்தில் முதலும் திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், கல்முனை

பதில்: வேண்டாம். பங்கு என்றால் இலாபத்துக்கும் நட்டத்துக்கும் பங்கு. பங்கிலாபம் இலாபத்திலிருந்துதான் வரும். அதுவும், கொடுத்த பிறகும் கம்பனியால் தன் கடன்களைக் கட்ட முடியும் என்று பணிப்பாளர்கள் உறுதிப்படுத்திய பின்தான். தொடங்கிய முதல் மாதமே 3,000 வருகிறதென்றால் அது உங்களுக்குப் பின் சேர்ந்தவரின் இலட்சத்திலிருந்து வருகிறதா என்று பாருங்கள். முதலைத் திருப்பித் தருவதாகச் சொல்லிக் காசு சேர்ப்பது வைப்புப் பெறுவதாகும். 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி அதற்கு மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்றவர்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. ஆள் சேர்த்தால் தரகு என்றும் சொன்னால், வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்த பிரமிட் திட்டமாகவும் இருக்கலாம்.

கேள்வி: லண்டனிலிருக்கும் மச்சான் எங்கள் கம்பனியில் பங்கு எடுக்க விரும்புகிறார். காசை அம்மாவின் கணக்குக்கு அனுப்பலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அனுப்ப வேண்டாம். இங்குள்ள வங்கியொன்றில் அவர் பெயரில் உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டிலிருப்பவர் இங்கே முதலீடு செய்வதற்கான கணக்கு) திறந்து, அதனூடாகவே காசு வரட்டும். அம்மாவின் கணக்குக்கு வந்தால் அது உள்ளூர்க் காசாகிவிடும். பின்னர் பங்கிலாபத்தையோ பங்கு விற்ற காசையோ லண்டனுக்கு அனுப்ப வங்கி ஆவணம் கேட்கும்போது காட்ட எதுவும் இருக்காது. உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் வந்த காசுக்கும் இதே கதிதான்.