கொழும்பை விட எங்களுக்கு ஏன் வெட்டுப்புள்ளி குறைவு? ஒரு பௌதிகவியல் வாத்தியாரின் பதில்கள்

உயர்தர உயிரியல் பிரிவுப் பிள்ளைகளும் பெற்றோரும் இந்தக் கிழமை கேட்டவை கீழே. இசட் புள்ளி என்பது உங்கள் புள்ளி எல்லாரின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று காட்டும் எண். வெட்டுப்புள்ளி என்பது தெரிவான கடைசிப் பிள்ளையின் இசட் புள்ளி. நான் மட்டக்களப்பில் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். என் பதில்களை அந்தளவுக்கு நம்பினால் போதும்.

வெல்லாவெளியிலிருந்து ஒரு தந்தை: மகள் அடுத்த வருடம் உயர்தரம். கொழும்பில் இருக்கிற மைத்துனர், "உங்கட மாவட்டத்துக்குக் குறைந்த இசட் புள்ளிக்கே மெடிசின் குடுக்கிறாங்கள், எங்கட பிள்ளையள்தான் பாவம்" என்கிறார். இது நியாயமா சேர்?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் மருத்துவ பீட இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்கும் பொதுவான திறமை வரிசைப்படி போகிறது. 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்குப் பிரிகிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறுக்குள் இருக்கின்றன. கொழும்பில் ஒரு பாடத்துக்குப் பத்து வாத்தியாரில் ஒருவரைத் தெரிவு செய்யலாம். இங்கே பாதிப் பாடசாலைகளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதனால் ஒதுக்கீட்டை நான் நியாயம் என்றுதான் சொல்வேன். மைத்துனருடன் சண்டை வேண்டாம், இந்தக் கணக்கை மட்டும் சொல்லுங்கள்.

என் மனக்குறை வேறு இடத்தில். ஒதுக்கீடு மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது. உங்கள் மகளுக்கு உண்மையான போட்டி மட்டக்களப்பு நகரத்துப் பிள்ளைதான். வாவிக்குக் கிழக்கே கடல் பக்கமான எழுவான்கரைக்கும் மேற்கே உட்பக்கமான படுவான்கரைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. என் வகுப்புக்கு மண்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். வாவியைக் கடக்கிற பாதையில், அதாவது மிதவைப் படகில், குருமண்வெளிக்கு ஏறி, அங்கிருந்து பஸ். மாரியில் பாதை பிந்தினால் அவள் வந்து சேரும்போது நான் கரும்பலகையை அழித்துக்கொண்டிருப்பேன். ஈரப் பாவாடையோடு கடைசி வாங்கில் இருந்து பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவாள். அந்த ஈரத்துக்கு எந்த ஒதுக்கீட்டிலும் புள்ளி இல்லை. அம்பாறையிலும் இதே கதைதான். கல்முனையும் பொத்துவிலும் ஒரே மாவட்டம், ஒரே வெட்டுப்புள்ளி.

கல்முனை மாணவன்: பௌதிகவியலில் எனக்கு இரசாயனவியலை விடக் கூடப் புள்ளி வரும். ஆனால் இசட் புள்ளி குறையும் என்கிறார்கள். எப்படி?

ஒரு பேச்சுக்கு எண்களை வைத்துப் பார்ப்போம் தம்பி. பௌதிகவியலில் எல்லாரின் சராசரி 45, நியம விலகல் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) 20, உமக்கு 75. 75இலிருந்து 45ஐக் கழித்து 20ஆல் பிரித்தால் 1.5. இரசாயனவியலில் சராசரி 40, விலகல் 16, உமக்கு 72. அது 2.0. புள்ளியில் மூன்று குறைவு, இசட்டோ கூடுதல். உயிரியலில் 2.0 எடுத்தால் மூன்றையும் கூட்டி மூன்றால் பிரிக்க 1.8333. கஷ்டமான பேப்பர் வந்தால் எல்லாருக்கும்தான் கஷ்டம். வினாத்தாளைப் பார்த்ததும் வியர்க்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

களுவாஞ்சிகுடி, ஒரு தாய்: தமிழில் எழுதுகிற பிள்ளைக்கு வேறு வெட்டுப்புள்ளியா?

இல்லை. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது தெரியும். 1971 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு 400க்கு 250 வேண்டியிருந்தது, சிங்கள மொழிமூலத்துக்கு 229 போதும். இப்படி மொழிவாரியாகப் புள்ளியை மாற்றி வைத்த தரப்படுத்தல் என்ற சொல் அப்போது வீடு வீடாகப் புகுந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்துக்கு அது இழப்பு. எங்கள் பக்கத்துக்கு ஒரு கதவு திறந்தது. இதைச் சொன்னால் சிலர் கோபிப்பார்கள், ஆனால் நடந்தது அதுதான். இப்போதைய இசட் புள்ளி, ஒரு பாடத்தை எழுதிய எல்லாரையும் மொழி பாராமல் ஒன்றாக வைத்துக் கணிப்பது. அதிலும் பிழை வந்ததுண்டு. 2011 பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டக்காரரை ஒன்றாகக் கலந்து கணித்தார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு மறுபடி கணிக்கச் சொன்னது.

கொழும்பில் வேலை செய்யும் ஒருவர்: மகனை அக்கரைப்பற்றுப் பாடசாலையில் பதிந்துவிட்டு இங்கே டியூசனில் விட்டால்?

அம்பாறையின் குறைந்த வெட்டுப்புள்ளிக்காகப் பெயர் அங்கே, ஆள் இங்கே. பிடிபட்டால் மகனின் அனுமதியே போகும். பிடிபடாவிட்டால் அங்கே படிக்கிற ஒரு பிள்ளையின் இடம் போகும். என்னிடம் இதற்கு உதவி கேட்க வேண்டாம்.

கொக்கட்டிச்சோலை மாணவி: எங்களுக்கு பௌதிகவியல் ரீச்சர் மாறிப்போய் ஐந்து மாதம். ஆளில்லை. நான் என்ன செய்வது?

இதற்கு நான் வெட்கப்பட வேண்டும் மகள், நீங்கள் இல்லை. முதலில் பெற்றோரை வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதத்தோடு அனுப்புங்கள். பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வரச் சொல்லுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும்.

அதுவரைக்கும் பாஸ் பேப்பர், அதாவது பழைய வினாத்தாள். பத்து வருடத்து வினாத்தாள் போதும், ஆனால் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தோடு சேர்த்து எடுங்கள். விடையை எழுதி, சிவப்புப் பேனாவால் நீங்களே திருத்துங்கள். எந்த வரிக்குப் புள்ளி, எந்த வரி வெறும் அலங்காரம் என்று இரண்டு மாதத்தில் கை பழகிவிடும். கணக்கைச் சரியாகச் செய்துவிட்டு கடைசியில் நியூட்டன் என்றோ யூல் என்றோ அலகு போடாமல் விட்டு வருகிற பிள்ளைகளை வருடா வருடம் பார்த்தேன். பல்தேர்வு 50 வினா, இரண்டு மணித்தியாலம். பிழைக்குப் புள்ளி கழிக்க மாட்டார்கள், ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

செங்கலடி மாணவன்: இரண்டாம் ஷையிலும் (இரண்டாம் தடவைப் பரீட்சையிலும்) தவறிவிட்டது. மூன்றாம் ஷை எடுக்கவா?

எவ்வளவால் தவறியது என்று எழுதவில்லையே மனே. கொஞ்சம் என்றால் எடுங்கள். நிறைய என்றால், மூன்றில் எந்தப் பாடம் இழுக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் இருக்கிறது, அதன் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் இருக்கிறது. "மெடிசின் கிடைக்காதவன்" என்று ஊர் சொல்லும். ஊர் பேப்பர் திருத்துவதில்லை.

ஏறாவூர் மாணவி: மருத்துவ பீடத்தில் எல்லாம் ஆங்கிலம் என்கிறார்களே, இப்போதே பயமாக இருக்கிறது.

பயம் சரிதான், ஆனால் சின்னது. இன்றைக்கே உயிரியல் கொப்பியின் ஓரத்தில் இழைமணி என்று எழுதிய இடத்தில் மைட்டோகொண்ட்ரியா என்றும் எழுதி வையுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல்.