ஏட்டில் இரண்டு ஆசிரியர்கள் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். ஏற்காட்டிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம் போய், அங்கிருந்து காப்பித் தோட்டத்தின் ஊடே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர் வரும். இங்குள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் 27 பிள்ளைகள் படிக்கிறார்கள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. என் மகள் மூன்றாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஒருவர், இடைநிலை ஆசிரியர் ஒருவர் என்று இரண்டு இடங்கள். ஜூன் மாதம் இடைநிலை ஆசிரியரை மாற்றுப்பணியில் கீழே வேறொரு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருவரே ஐந்து வகுப்புகளையும் பார்க்கிறார்.

பக்கத்துத் தோட்டக்காரரின் மகன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தபோது பள்ளிக்கு மூன்று லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னார். குழுவைக் கூட்டினேன். ஆண்கள் சுற்றுச்சுவரும் பெயர் பொறித்த நுழைவு வளைவும் கேட்கிறார்கள். இளைஞர்கள் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி கேட்கிறார்கள். பெண்கள் நாங்கள், அந்தப் பணத்தில் ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்ளலாம் என்கிறோம். அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அமெரிக்காவில் ஊர் மக்களே ஓட்டுப் போட்டுப் பள்ளிக்கு வரி விதித்து, ஆசிரியரையும் அவர்களே நியமிப்பார்களாம். இங்கே ஏன் அப்படி இல்லை? நாங்கள் எதை முதலில் செய்வது?

இப்படிக்கு,
செ., சேர்வராயன் மலை

அன்புள்ள செ. அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பணம் கிடைத்த பிறகு தொடங்கும் சண்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாகத் தம் கட்சியை மட்டும் எழுதுவார்கள். நீங்கள் மூன்று கட்சியையும் எழுதியிருக்கிறீர்கள்.

அமெரிக்கச் செய்தியிலிருந்து தொடங்குகிறேன், அது பாதி உண்மை என்பதால். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி மாவட்டம் என்பது தனியொரு உள்ளாட்சி. நம்முடைய கல்வி மாவட்டத்தைப் போல அலுவலக எல்லை மட்டுமன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, சொத்து வரியில் பங்கு, ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் ஆகியவை அதற்கு உண்டு. நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் பள்ளிச் செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு இப்படி உள்ளூரில் திரள்வது. மாநிலங்களும் ஏறத்தாழ அதே அளவு தருகின்றன. இதன் மறுபக்கத்தை உங்கள் நன்கொடையாளர் சொல்லியிருக்க மாட்டார். வீடும் நிலமும் விலைபோகாத ஊரில் வரியும் திரளாது. சம்பளம் போதாத இடத்துக்கு ஆசிரியரும் வரமாட்டார். வாரத்தில் நான்கு நாள் மட்டுமே பள்ளி நடத்துவதென்று நூற்றுக்கணக்கான பள்ளி மாவட்டங்கள் முடிவெடுத்ததற்கு, செலவைக் குறைப்பதும் ஆசிரியரை ஈர்ப்பதும்தான் காரணம்; அவற்றில் பெரும்பாலானவை கிராமப்புறத்தைச் சேர்ந்தவை. கொலராடோ மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் இப்படித்தான் நடக்கின்றன. ஊர் சிறிது, பிள்ளைகள் குறைவு, தொலைவு அதிகம் என்ற மூன்றும் சேர்ந்தால் எந்த நாட்டிலும் ஆசிரியர் பிரச்சினை வந்துவிடுகிறது.

நம்மிடமும் இந்த முறையின் சாயல் ஒன்று இருந்தது. உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்க 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் இடம் கொடுத்தது. பிறகு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது தொடக்கப்பள்ளிகள் அவற்றின் கைக்கு வந்தன. உங்கள் பள்ளியின் பெயர்ப்பலகையில் இருக்கும் 'ஊராட்சி ஒன்றிய' என்ற சொற்கள் அந்தக் காலத்தின் மிச்சம். 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அதற்கு முன்பு ஆசிரியரின் மாறுதல் ஒன்றியத் தலைவரின் முகக்குறிப்பில் இருந்ததைப் பழைய ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நாட்களுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாற்றத்தோடு ஊருக்கும் ஆசிரியர் பணியிடத்துக்கும் இருந்த தொடர்பு முழுவதும் அறுந்துபோயிற்று என்பதும் உண்மை. கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு. ஆசிரியர் பள்ளிக்கல்வித் துறையின் பொறுப்பு. காலையில் கதவுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் மட்டும் ஊரின் பொறுப்பு.

தொண்ணூறுகளில் என் அக்கா உங்கள் மலையில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் பணிபுரிந்தார். சேலத்திலிருந்து முதல் வண்டியைப் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வாயில் ஒரு நாரத்தங்காய்த் துண்டோடு கடந்து, இன்னொரு வண்டி மாறி, பிறகு நடந்து போவார். விடுமுறையில் ஒருமுறை நானும் உடன் போனேன். சக ஆசிரியர் அன்று வரவில்லை. அக்கா கரும்பலகையைச் சுண்ணக்கட்டியால் மேலிருந்து கீழாக மூன்று பாகமாகக் கோடு போட்டுப் பிரித்தார். ஒன்றில் 'அம்மா, ஆடு', நடுவில் கழித்தல் கணக்கு, மூன்றாவதில் காவிரியின் துணையாறுகள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். அவள் தவறாகச் சொன்ன 'ஏழெட்டு ஐம்பத்து நான்கு' என்பதை ஒன்பது குழந்தைகள் உரத்த குரலில் திரும்பச் சொன்னதும், கழித்தல் கணக்கில் இருந்த அக்காவின் காதில் அது விழவே இல்லை என்பதும் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ஒற்றை ஆசிரியர் பள்ளியில் கல்வி கெடுவது இப்படித்தான். யாரும் சும்மா இருப்பதில்லை. எல்லோரும் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்போது அந்த ஆசிரியருக்கு வேலை இன்னும் கூடியிருக்கிறது. வருகைப்பதிவைக் கைப்பேசியில் ஏற்ற வேண்டும். உங்கள் பக்கத்து ஊரொன்றில் அலைவரிசை கிடைப்பது பள்ளிக்குப் பின்னால் உள்ள ஒரு பாறையின் மேல் மட்டும்தான்; தலைமையாசிரியர் நாள்தோறும் அதில் ஏறி நிற்பதைச் சென்ற ஆண்டு நானே பார்த்தேன். அவர் பாறையில் நிற்கும் நேரத்தில் வகுப்பில் யாரும் இல்லை.

இனி உங்கள் பள்ளியின் நிலை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரையிலான தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புக்கு இருவர் என்பதே எனக்குக் குறையாகத் தெரிகிறது. தலையை எண்ணி ஆசிரியரைத் தருகிற கணக்கு, பிள்ளைகள் குன்றுக்கு ஒரு கைப்பிடியாகச் சிதறிக் கிடக்கிற மலைக்குப் பொருந்தாது. அது இருக்கட்டும். அந்த இருவரும் உங்களுக்கு ஏட்டில் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்றைய எண்ணிக்கையை வைத்துச் செய்யும் பணியாளர் நிர்ணயத்திலும் உங்கள் பள்ளிக்கு இரண்டு இடம்தான் காட்டும். மாற்றுப்பணியில் போனவரின் இடம் காலியிடம் ஆகாது. சில ஆண்டுகளாகப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை நியமிக்க அரசு அனுமதிக்கிறது, ஆனால் காலிப் பணியிடத்துக்கு மட்டும். ஆகவே காலியிடம் உள்ள பள்ளிக்குக் கிடைக்கிற நிவாரணம்கூட உங்களுக்குக் கிடைக்காது. ஏட்டில் நிறைந்திருப்பதுதான் உங்கள் பள்ளிக்கு வந்த வினை.

இதற்கு மருந்து அதே சட்டத்தின் 25ஆம் பிரிவில் இருக்கிறது. அதன் இரண்டாவது உட்பிரிவு, ஆசிரியர்–மாணவர் விகிதத்தைக் காப்பதற்காக, ஒரு பள்ளியில் பணியமர்த்தப்பட்ட ஆசிரியரை வேறொரு பள்ளியிலோ அலுவலகத்திலோ பணியாற்ற வைக்கக் கூடாது என்று சொல்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே விலக்கு. சேலத்தில் ஒரு பெரிய பள்ளியில் ஆள் குறைகிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. இந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு, 27 பிள்ளைகளையும் வகுப்புவாரியாக எண்ணிக்கையிட்டு, மாற்றுப்பணியை ரத்துசெய்யக் கோரும் தீர்மானத்தைக் குழுவில் நிறைவேற்றுங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் வைத்திருப்பது இப்படிப்பட்ட நாளுக்காகத்தான். வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் நகல் அனுப்பி, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அதே தீர்மானத்தை அக்டோபர் 2 கிராம சபையிலும் வையுங்கள். 'ஆசிரியர் வேண்டும்' என்று மனுக் கொடுத்தால் பரிசீலிப்பார்கள். 'எங்கள் ஆசிரியரைத் திருப்பி அனுப்புங்கள்' என்றால் ஏதாவது ஒரு பதிலை எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்று லட்சத்துக்கு வருவோம். 30 பிள்ளைகள் வரையுள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய். அதிலும் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. அந்தத் திட்டத்தின் ஒன்றிய அரசுப் பங்கான 2,152 கோடி ரூபாய் 2024–25இல் தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது, தேசியக் கல்விக் கொள்கை பற்றிய சண்டையில். நியாயம் யார் பக்கம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு, ஆனால் உங்கள் ஊர்க் கூட்டத்துக்கு அது உதவாது. பத்தாயிரத்தைப் பார்த்துப் பழகிய பள்ளிக்கு மூன்று லட்சம் எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்லவே இதை எழுதினேன்.

வளைவு வேண்டாம். இதை விளக்கவும் வேண்டியதில்லை. சுற்றுச்சுவரைக் கேட்பவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். காட்டுமாடு விளையாட்டுத் திடலுக்குள் வந்து நிற்கும் ஊர் உங்களுடையது. ஆனால் சுவருக்கு வேறு சட்டைப்பைகள் உண்டு. ஊராட்சி ஒன்றியப் பொது நிதி, சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி என்று கேட்க இடம் இருக்கிறது. அதுவரை முள்வேலியும் கிளுவைப் போத்தும் போதும். தொலைக்காட்சி, ஆள் வந்த பிறகு.

பெண்களின் யோசனை எனக்குப் பிடித்தது, எனினும் ஒரு கணக்கைப் பாருங்கள். மாதம் பன்னிரண்டாயிரம் என்று பத்து மாதம் கொடுத்தால் ஆண்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். இரண்டரை ஆண்டில் பணம் தீர்ந்துவிடும். அதற்குள் 'அந்த ஊரில் சமாளித்துக்கொள்கிறார்கள்' என்ற பெயர் அலுவலகத்தில் நிலைத்துவிடும். உங்கள் பெரியவரின் கேள்வி இந்த அளவில் சரியானது. ஆனால் ஒன்றாம் வகுப்புக் குழந்தை அரசாணை வரும்வரை எழுத்துக் கற்காமல் காத்திருக்க முடியாது என்பதும் அதே அளவு சரி. ஆகவே இந்த ஒரு கல்வியாண்டுக்கு மட்டும், ஊரில் படித்த பெண் ஒருவரை ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு உதவியாளராக, தலைமையாசிரியரின் சம்மதத்தோடு அமர்த்துங்கள். 'ஆசிரியர்' என்று எந்தத் தாளிலும் எழுதாதீர்கள்.

மீதிப் பணத்தில் ஓர் அறை கட்டுங்கள், அல்லது இருக்கிற வீடொன்றைச் செப்பனிட்டு வாடகைக்கு எடுங்கள். கதவில் உள்தாழ், பக்கத்திலேயே கழிப்பறை, வெந்நீருக்கு ஓர் அடுப்பு. என் அக்கா முதல் ஆண்டு முழுவதும் மாறுதல் விண்ணப்பம் எழுதிக்கொண்டே இருந்தார். இரண்டாம் ஆண்டு தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வீட்டின் பின்கட்டில் ஓர் அறை கிடைத்தது. திங்கட்கிழமை போனால் வெள்ளிக்கிழமை திரும்புவார். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தார். இப்போது காலை உணவுக்காகப் பிள்ளைகள் எட்டு மணிக்கே பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள்; பேருந்தை நம்பி வரும் ஆசிரியர் அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் வர முடிகிறது. திரும்பி வரும் ஆசிரியர் ஆறாம் மாதம் மறுபடியும் மாற்றுப்பணி கேட்டுப் போகாமல் இருக்க அறை உதவும் என்று நினைக்கிறேன். அவர் பெண்ணாக இருந்தால் கட்டாயம் உதவும்.

தீர்மானத்தின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். வாசகத்தில் திருத்தம் வேண்டுமென்றால் கிராம சபைக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டால் உங்களுக்கும் நேரம் இருக்காது, பெரிய பிள்ளைகள் சிலர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவார்கள். அதற்கு முன், நவம்பர் முதல் வாரத்தில், நான் வருகிறேன். அறைக்கு இடம் பார்த்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள்.