குடும்பப் பகை நடுத்தெருவுக்கு வருவது ஏன்?

பல ஆண்டுகளாக உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்த குடும்பப் பகை, ஒரே நாளில் ஊரே பார்க்கும் தெருவில் வெட்டுக்குத்தாக மாறுவது ஏன் என்றும், அதை நிறுத்த வழியுண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோபம் எல்லை மீறியதுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கோபம் மட்டுமே காரணமாக இருந்தால் யாருக்கும் தெரியாமல் பழிதீர்த்துக்கொள்ள வாய்ப்புகள் ஏராளம். நாலு பேர் முன்னால் போன மானத்தை நாலு பேர் முன்னால்தான் மீட்க வேண்டும் என்ற நம்பிக்கையே பகையைத் தெருவுக்கு இழுத்து வருகிறது என்று நான் கருதுகிறேன்.

அமெரிக்காவின் ஹாட்ஃபீல்ட், மக்காய் குடும்பங்களின் பகையைப் பாருங்கள். 1878இல் ஒரு பன்றி யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்தது. மக்காய் தரப்பு தோற்றது. வன்மம் வளர்ந்தது, இடையே ஓர் உயிரும் போனது. ஆனால் அது பெரிதாக வெடித்தது 1882 ஆகஸ்டில், கென்டக்கியில் வாக்களிக்கக் கூட்டம் கூடியிருந்த தேர்தல் நாளன்றுதான். ஒரு பிடிலுக்காகத் தரவேண்டியிருந்த சிறு தொகையைப் பற்றிய வாக்குவாதம் முற்றியது என்பார்கள். மக்காய் சகோதரர்கள் மூவர் சேர்ந்து எலிசன் ஹாட்ஃபீல்டைக் கத்தியால் பலமுறை குத்தினார்கள், துப்பாக்கியாலும் சுட்டார்கள். அவர் உடனே இறந்துவிடவில்லை. சகோதரர்களைச் சிறைக்குக் கொண்டுசென்றவர்களிடமிருந்து ஹாட்ஃபீல்ட் குடும்பத்தார் அவர்களைப் பறித்துக்கொண்டுபோய் அடைத்துவைத்தார்கள். இரண்டு நாள் கழித்து எலிசனின் உயிர் பிரிந்ததும் மூவரையும் செடிகளில் கட்டிவைத்துச் சுட்டுக் கொன்றார்கள். குத்துப்பட்டதற்கும் இறந்ததற்கும் இடைப்பட்ட அந்த இரண்டு நாட்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. சட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது; தடுக்கக்கூடியவர்களும் இருந்திருப்பார்கள். மூவரில் இளையவன் இன்னும் இருபது வயதைக்கூட எட்டாதவன்.

அற்பக் காரணம் என்று நாம் சொல்லிவிடலாம். பகைக்குள் இருப்பவர்களுக்கு எதுவும் அற்பமல்ல. தெற்கு இத்தாலியின் சான் லூக்கா என்ற ஊரில் 1991இல் திருவிழாக் காலத்தில் இளைஞர்கள் முட்டை வீசியதில் இரு குடும்பங்களுக்கிடையே தொடங்கிய தகராறு, 2007 ஆகஸ்ட் 15 அன்று ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில், ஓர் உணவகத்தின் வாசலில் ஆறு பேரின் கொலையில் போய் நின்றது. அவை குற்றக் கும்பல்களோடு பிணைந்த குடும்பங்கள் என்பது உண்மையே. ஆனாலும் பழிக்குப் பழி என்ற கணக்கு எல்லோரிடமும் ஒரே விதமாகத்தான் வேலை செய்கிறது.

நிறுத்த முடியுமா என்றால், முடியும். தென்கிழக்கு ஐரோப்பாவின் கொசோவோவில் தலைமுறைகளாக நீடித்த இரத்தப் பழிகளால், பழிக்கு அஞ்சிய ஆண்கள் வீட்டை விட்டு வெளியே வராமலே வாழ்ந்தார்கள். 1990இல் நாட்டார் வழக்காற்று அறிஞர் அன்டன் செட்டாவும் மாணவர்களும் வீடு வீடாகச் சென்று, கொலையுண்டவரின் குடும்பத்தாரிடம் மன்னிப்பை வேண்டினார்கள். மே 1 அன்று வெர்ராத் எ லூக்கஸ் என்ற இடத்தில் லட்சக்கணக்கானோர் கூடிய கூட்டத்தில், குடும்பங்கள் பழியைக் கைவிடுவதாக ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தன. மக்களின் பெயரால், இளைஞர்களின் பெயரால், கொடியின் பெயரால் மன்னித்ததால், எதிரிக்குப் பணிந்துவிட்டார்கள் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லாமல் போனது.

ஆகவே முதல் கைகலப்பு நடந்த அன்றே காவல்துறையில் புகார் பதிவாக வேண்டும். அதைக் கோழைத்தனம் என்று தூண்டிவிடும் உறவினரை இளைஞர்களிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும். வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். இரு தரப்பும் மதிக்கும் ஒருவர் முதலில் போக வேண்டியது, அதிகம் இழந்தவரின் வீட்டுக்கு. சமரசம் ஏற்பட்டால் இரு குடும்பங்களும் அவர்களை அறிந்தவர்களும் கூடியிருக்கும் இடத்தில் அதைச் சொல்லச் செய்யுங்கள். நாலு சுவருக்குள் முடித்துக்கொண்டால், விட்டுக்கொடுத்தவன் பயந்துவிட்டான் என்று மறுநாளே பேச்சுக் கிளம்பும். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்கிற பிள்ளை மீண்டும் தெருவுக்கு வருவான்.