குருவி எண்ணும் பையனும் கட்-ஆஃப் மதிப்பெண்ணும்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகனின் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பீரியடை 'உங்களுக்குப் பிடித்த ஒன்றைப் புராஜெக்ட்டாக எடுத்துச் செய்யுங்கள்' என்று பிள்ளைகளிடமே விட்டுவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகன் பள்ளி வேப்பமரத்தில் வந்து உட்காரும் பறவைகளை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு. "குருவி எண்ணுகிறவனுக்கு யார் சார் சீட் கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

யாரும் கொடுக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. அதில் புராஜெக்ட்டுக்கு அரை மதிப்பெண்கூடக் கிடையாது. மருத்துவத்துக்கு நீட் தேர்வு. அங்கே வேப்பமரத்தைப் பற்றிக் கேட்டாலும் அதன் தாவரவியல் பெயரைத்தான் கேட்பார்கள். 'பள்ளியில் புராஜெக்ட் செய்தால் பெரிய கல்லூரியில் இடம் நிச்சயம்' என்று யாராவது சொன்னால், அவர் உங்களிடம் எதையோ விற்க வந்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் பெயரில் 'ஆய்வுக் கட்டுரை' தயாரித்துத் தருகிறோம், வெளிநாட்டுப் படிப்புக்கு உதவும் என்று பெரும்பணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆனாலும் அந்த இரண்டு பீரியடை நிறுத்தச் சொல்லித் தலைமையாசிரியரிடம் போக வேண்டாம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள் உங்கள் வீட்டில் 'பிளஸ் ஒன்னில் எந்த குரூப்?' என்ற கேள்வி எழும். மேற்படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் வரும் பிளஸ் டூ பிள்ளைகளிடம் இந்த குரூப்பை ஏன் எடுத்தாய் என்று கேட்டால், பாதிப் பேர் மாமா சொன்னார், சிநேகிதன் எடுத்தான் என்பார்கள். தவறான குரூப்புக்கு விலை இரண்டு ஆண்டு. தவறான புராஜெக்ட்டுக்கு விலை சில வெள்ளிக்கிழமை மதியங்கள், ஒரு நாற்பது பக்க நோட்டு. தனக்கு எது ஒத்துவரும், எது வராது என்பதை இதைவிட மலிவாகத் தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை. பிடிக்கும் என்று தொடங்கியது மூன்றே வாரத்தில் சலித்துப்போனால் அதுவும் லாபம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் மதுரைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். அவளும் அப்போது ஒன்பதாம் வகுப்புதான். தெருக்குழாய் ஒழுகுவதைத் தன் புராஜெக்ட்டாக எடுத்திருந்தாள். ஒழுகும் குழாயின் கீழே ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நிரம்ப இருபது நிமிடம் ஆனது. ஒரு மணி நேரத்துக்கு 3 லிட்டர், ஒரு நாளுக்கு 72 லிட்டர் வீண் என்று நோட்டில் பெரிதாக எழுதி, சுற்றிலும் சிவப்பு மையால் கட்டம் போட்டிருந்தாள். அடுத்த பக்கத்தில் அந்த 72 அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே பென்சிலில்: 'தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வருகிறது. அதுவும் ஒன்றரை மணி நேரம். அப்படியானால் 4.5 லிட்டர்.' மாதத்துக்குப் பதினைந்து நாள் என்று பெருக்கினால் 67.5 லிட்டர். முதலில் ஒரு நாளுக்கு என்று எழுதியதைவிட ஒரு மாதத்துக் கசிவு குறைவு!

அந்த ஆண்டு அவர்கள் பள்ளிக் கண்காட்சியில் பரிசு வாங்கியது தெர்மோகோல் எரிமலை. அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் இருந்தது, எனக்கும்தான். டாக்டராக வேண்டும் என்று அழைத்துவந்த அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இந்த மாதிரி அட்டவணை போடுவதற்கே ஒரு படிப்பு இருக்கிறதா சார்?" என்று கேட்டாள். இருக்கிறது, புள்ளியியல் என்றேன். பெரும்பாலான கல்லூரிகளில் அதற்குப் பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். கணிதம் இல்லாத குரூப்பை அப்பா ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார். அன்று அந்த முடிவு தள்ளிப்போனது.

எல்லாப் புராஜெக்ட்டும் இப்படி அமையாது. முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கு ஸ்டேஷனரி கடைக்கு ஓடி, சார்ட்டும் ஜிகினாத்தாளும் வாங்கி, அம்மா ஒட்ட, அப்பா எழுத, பிள்ளை தூங்கிவிடுகிற புராஜெக்ட் நமக்குத் தெரிந்ததுதான். அது பெற்றோரின் கைவேலை. உங்கள் மகனுடையது அப்படி இல்லை என்பதே எனக்கு நிம்மதி. ஆனால் 'எத்தனை குருவி' என்பது வெறும் எண்ணிக்கை. காலையில் வருவது எது, மாலையில் வருவது எது, ஆடியில் காணாத பறவை மார்கழியில் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கினால்தான் அது புராஜெக்ட் ஆகும். அந்தக் கேள்விகளை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவை, சாப்பிடும்போது, 'இந்த வாரம் என்ன மாறியது?' என்று மட்டும் கேளுங்கள்.

ஜனவரியில் பொங்கல் விடுமுறையின்போது தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். வீட்டு மொட்டைமாடியில் கால் மணி நேரம் நின்று பார்த்ததையும் பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் பதியலாம். அவன் எண்ணுவதை மற்றவர்களும் எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் பையன் கொஞ்சம் நிமிர்வான். பிள்ளைகள் தாங்கள் செய்த ஆய்வை முன்வைக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கானது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரை விசாரித்தால் விவரம் கிடைக்கும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர்-மானக் திட்டத்தில் தேர்வாகும் மாணவரின் வங்கிக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரும். ஆனால் அது புதிய கருவி, புதிய யோசனைக்கானது. பறவைக் கணக்குக்கு அவ்வளவாகப் பொருந்தாது. வலிந்து நுழைக்க வேண்டாம்.

இந்த ஆர்வம் நிலைத்தால் படிப்பும் இருக்கிறது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியல் பட்டம் படிக்கலாம். விலங்கியல் பட்டத்துக்குப் பிறகு மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுகலை உண்டு. வனக்கல்லூரிக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான் வாசல் என்பதை அவனிடம் மறைக்காதீர்கள். பறவைக்காகப் பாடங்களைக் கைவிட்டவன், பறவையிடமும் போய்ச் சேர மாட்டான்.

பத்தாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது நோட்டைப் பரணில் வைத்துவிடட்டும். ஏப்ரலில் எடுத்துக்கொள்ளலாம், பறவைகள் எங்கும் போய்விடாது. சில போகும். எவை போயின என்பதை அவன் எழுதுவான்.

குரூப் தேர்ந்தெடுக்கும் சமயத்தில் அவனை அழைத்து வாருங்கள். மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டும் வேண்டும். அழகாகப் பார்த்து எழுதிய பிரதி வேண்டாம். அடித்தல் திருத்தல் இருக்கிற நோட்டையே கொண்டுவரச் சொல்லுங்கள்.