பாரிஸ் தோட்டங்களில் தவறவிடக் கூடாத சிற்பம் எது?

அருங்காட்சியகங்களுக்கு வெளியே, ஒரே ஒரு சிற்பம் பார்க்க நேரம் இருந்தால் எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் சொல்வேன்: லக்சம்பூர் தோட்டத்து மெடிசி நீரூற்றில் இருக்கும் பொலிஃபீமஸ். ஒகுஸ்த் ஒத்தேன் என்ற சிற்பி செய்தது, 1866இல் அங்கே வைக்கப்பட்டது.

கதை ரோமானியக் கவி ஓவிட் சொன்னது. ஒற்றைக் கண் அரக்கன் பொலிஃபீமஸுக்குக் கடல் தேவதை கலட்டியாமேல் தீராத ஆசை. அவளோ ஆசிஸ் என்ற இளைஞனை விரும்புகிறாள். இருவரும் சேர்ந்திருப்பதைப் பார்த்துவிட்ட அரக்கன், மலையிலிருந்து பாறையைப் பிய்த்து எறிந்து அவனைக் கொல்கிறான்.

ஒத்தேன் எடுத்துக்கொண்டது பாறை விழுவதற்கு முந்தைய நேரத்தை. கீழே, குகை போன்ற மாடத்தில் ஆசிஸும் அவன்மேல் சாய்ந்திருக்கும் கலட்டியாவும். இருவரும் வெள்ளைப் பளிங்கு. மேலே பாறைமீது குந்தியபடி எட்டிப் பார்க்கும் அரக்கன் மட்டும் வெண்கலம். அவ்வளவு பெரிய உடல் முன்பக்கம் சாய்ந்து நிற்க வெண்கலம்தான் வசதி, பளிங்கு என்றால் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. மழையில் நனைந்து களிம்பேறிய வெண்கலம் பாறையின் நிறத்தோடு ஒன்றிப்போய்விடுகிறது. முதலில் காதலர்கள் மட்டும்தான் கண்ணில் படுவார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேலே ஒருவன் இருப்பதே தெரியும். அவர்களுக்கோ அதுவும் தெரியாது.

ஓவிட் கதையில் செத்துப்போன ஆசிஸின் ரத்தம் சிசிலியில், எட்னா மலையடியில் ஓர் ஆறாகிவிடுகிறது. இப்போது நீரூற்றைப் பாருங்கள். அவன் இன்னும் உயிரோடு இருக்கிறான், அவன் ஆகப்போகிற ஆறு அதற்குள் காலடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நீரூற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்குமா என்று தெரியவில்லை.

நீரூற்று மட்டும் ரொம்பப் பழசு. 1630 வாக்கில் ராணி மரி த மெடிசிக்காகக் கட்டியது. 1860களில் புதுத் தெரு போடுவதற்காக அதைச் சுமார் 30 மீட்டர் நகர்த்தினார்கள். முன்னால் இருக்கும் நீண்ட குளமும் இந்தச் சிற்பங்களும் அப்போது சேர்ந்தவை. இரண்டாம் உலகப் போரில் பாரிஸின் எத்தனையோ வெண்கலச் சிலைகளை உலோகத்துக்காக உருக்கிவிட்டார்கள். அதிலிருந்து இந்த வெண்கல அரக்கன் தப்பியதை நினைத்தால் எனக்கு இன்றும் நிம்மதியாக இருக்கிறது.

சரி, எப்படிப் பார்ப்பது? குளத்தின் மறுமுனையிலிருந்து தொடங்குங்கள். இருபுறச் சுவர்களும் சாய்வாக இருப்பதால் தண்ணீரே சரிந்து நிற்பது போலத் தோன்றும். அப்புறம் ஓரமாக நடந்து கிட்டே போங்கள். நீரூற்றின் பின்பக்கம் பெரும்பாலானோர் போவதே இல்லை. அங்கே நெப்போலியன் காலத்துப் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது, கிரேக்கக் கதையில் வரும் ராணி லீடாவும், அன்னமாக உருமாறி அவளிடம் வந்த கடவுள் ஜூஸும். அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.