ஞாயிறு கொழும்புப் பயணம்: சாறியும் ஓவியமும் ஒரே நாளில்

ஞாயிறு கொழும்புக்குப் போய்ச் சாறியும் ஓவியமும் ஒரே நாளில் வாங்கலாமா என்று கேட்டிருந்தீங்க. ஞாயிறை விட்டுச் சனிக்கு மாத்துங்க. ஞாயிறில் கொழும்பின் கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டையில் பெரும்பாலான கடைகள் பூட்டு. போனமுறை நீங்க மட்டக்களப்பு கல்லடியிலிருந்து போய்ச் சாறி இல்லாமல் திரும்பினதுக்கு அதுதான் காரணமாக இருக்கும். சனியில் போயா (பௌர்ணமி விடுமுறை) விழுதா என்று கலண்டரையும் பாருங்க.

வெள்ளி இரவு பஸ் எடுங்க. காலையில் சாறிக்குப் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெரு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓவியத்துக்குக் கொழும்பு 7. கிறீன் பாத் வீதியில் நடைபாதையில் விற்கிற ஓவியங்களிலிருந்து லயனல் வென்ட் கலைக்கூடம் நடை தூரம்தான். அங்கே கண்காட்சி மாறிக்கொண்டே இருக்கும், முதல்நாளே போன் பண்ணிக் கேளுங்க.

ஓவியம் வாங்கினால் கண்ணாடிச் சட்டம் வேண்டாம், பஸ் குலுக்கலுக்குத் தாங்காது. கன்வஸை வர்ணப் பக்கம் வெளியே இருக்கிற மாதிரி நாலு அங்குலக் குழாயில் தளர்வாகச் சுற்றுங்க. உள்பக்கமாகச் சுருட்டினால் வர்ணம் நசுங்கி மடிப்பு விழும். காயாத எண்ணெய் வர்ணத்தைச் சுருட்டவே கூடாது.